விண்டோஸ் 10லிருந்து 11க்கு: வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஹோம் போதுமா, புரோ வேண்டுமா?

காவிரிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். 2019இல் கும்பகோணத்தில் ஒரு கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஐ5 9400 பிராசசர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10 புரோ. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு 10க்கு அப்டேட் நின்றுவிட்டது என்று திரையில் அடிக்கடி வருகிறது. 11க்கு மாற்றலாம் என்று கடையில் கேட்டேன். "புரோவே போட்டுக்கோங்க சார், ஹோம் ஸ்லோவா இருக்கும், பாதி வசதி இருக்காது" என்றார்கள்.

வீட்டில் யார் யார் பயன்படுத்துகிறோம் என்றும் சொல்லிவிடுகிறேன். மனைவி டியூஷன் எடுக்கிறார், வினாத்தாள் எல்லாம் அதில்தான் தயாராகும். எனக்கு டேலியும் நெட் பேங்கிங்கும். அப்பாவுக்கு 78 வயது, தமிழ் 99 விசைப்பலகையில் மணிக்கணக்கில் தட்டச்சு செய்வார். மகன் சென்னையில் விடுதியில் இருக்கிறான். அங்கிருந்தே இந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து தன் ஃபைல்களை எடுக்க வேண்டும் என்கிறான். ரிமோட் டெஸ்க்டாப் புரோவில்தான் உண்டாமே? அப்படியானால் புரோதானே வாங்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழுதுமேசை:
வணக்கம் சார். திருச்சியில் 14 வருடமாக சர்வீஸ் வேலை பார்க்கிறேன். ஹோமா புரோவா என்பதை அப்புறம் பார்ப்போம். இப்போது இருக்கும் புரோவுக்கு உண்மையான லைசென்ஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் 11 புரோவுக்கு இலவசமாகவே மாறிவிடலாம், ஒரு ரூபாய் செலவில்லை. 10 ஹோம் வைத்திருப்பவருக்கு 11 ஹோம், 10 புரோ வைத்திருப்பவருக்கு 11 புரோ, அதுதான் கணக்கு.

பார்க்கும் வழி: விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்துங்கள். வரும் பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர் என்ற ஐந்து எழுத்து, ஒரு இடைவெளி, சாய்கோடு, டிஎல்ஐ. இதை ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுத்தால் சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் 'சானல்' என்று இருக்கும் இடத்தில் ரீடெயிலா (தனியாக வாங்கியது), ஓஇஎம்மா (கம்ப்யூட்டரோடு வந்தது), வால்யூமா (நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுப்பது) என்று அப்படியே இங்கே எழுதுங்கள்.

ஹோம் ஸ்லோ என்பது தவறு. இரண்டும் ஒரே விண்டோஸ்தான். சில கதவுகள் ஹோமில் பூட்டியிருக்கும், புரோவில் திறந்திருக்கும், அவ்வளவுதான். ஹோமில் புரோ சாவியை, அதாவது உரிம எண்ணை, போட்டால் ஒரு ரீஸ்டார்ட்டில் புரோவாக மாறுவது அதனால்தான். உங்கள் கம்ப்யூட்டர் மெதுவாக இருந்தால் காரணம் அந்த ஹார்டு டிஸ்க்.

தணிக்கைமேசை:
நான் புரோ கட்சி, காரணத்தோடு சொல்கிறேன். மதுரையில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்துதான். வாடிக்கையாளர்களின் பான் விவரம், வங்கிக் கணக்குப் பட்டியல் எல்லாம் பென்டிரைவில் போகும், வரும். புரோவில் பிட்லாக்கர் என்ற பூட்டும் வசதியைப் போட்டு பென்டிரைவையே பூட்டிவிடலாம். ஹோமில் பூட்டிய டிரைவைத் திறக்க முடியும், புதிதாகப் பூட்ட முடியாது. அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைனில் சேர்ப்பதும் ஹோமில் நடக்காது. அப்டேட்டை ஹோமில் ஐந்து வாரம்தான் தள்ளிப்போடலாம். புரோவில் பெரிய அப்டேட்டை ஒரு வருடம் வரை நிறுத்தி வைக்கலாம். மார்ச் மாதத்தில் புது விண்டோஸ் வந்து உட்கார்ந்தால் எங்கள் பாடு திண்டாட்டம், அதனால் எனக்கு இது மிகவும் முக்கியம்.

ஆனால் காவிரிக்கரை சார் சொன்ன வேலைகளில் இது எதுவும் இல்லை. டேலி ஹோமில் நன்றாக ஓடும். நான் கொடுத்த காசு எனக்குப் பயன்படுகிறது. உங்களுக்கு எதற்குப் பயன்படும் என்று யோசித்துக்கொண்டு வாங்குங்கள்.

காவிரிக்கரை:
பழுதுமேசை சார், பார்த்துவிட்டேன். "வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்" என்று வருகிறது. கீழே இன்னும் 140 சொச்சம் நாளில் முடியும் என்றும் இருக்கிறது. செட்டிங்ஸில் பார்த்தால் ஆக்டிவேட் ஆகியிருப்பதாகத்தான் காட்டுகிறது. உங்கள் நிறுவனத்தின் சர்வீஸ் மூலம் என்று ஒரு வரி உண்டு. எந்த நிறுவனம் என்று புரியவில்லை. வாங்கும்போது விண்டோஸுக்கு என்று தனியாகக் காசு கொடுத்த ஞாபகம் எனக்கு இருக்கிறது.

பழுதுமேசை:
வருத்தமாக இருக்கிறது சார், ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். கேஎம்எஸ் என்பது பெரிய அலுவலகங்களுக்கான முறை. அங்கே ஒரு சர்வர் இருக்கும், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதைத் தொட்டு 180 நாளுக்குள் ஒரு முறையாவது உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் இது இருந்தால், அந்த சர்வர் மாதிரி நடிக்கும் ஒரு புரோகிராமை யாரோ உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வகை புரோகிராமைப் போடும்போது ஆன்டிவைரஸில் விலக்குப் பட்டியல் ஒன்று சேர்த்துவிட்டுத்தான் போடுவார்கள். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். நீங்கள் போடாத ஃபோல்டர் பெயர் இருந்தால் அதுதான்.

இந்த மிஷினில் நெட் பேங்கிங் செய்கிறீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை. இன்றிலிருந்து வங்கி வேலையை போனிலோ வேறு கம்ப்யூட்டரிலோ வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டையும் அங்கிருந்தே மாற்றுங்கள்.

ஆக, இலவசமாக மாறும் வழி உங்களுக்கு இல்லை. உரிமம் வாங்கித்தான் ஆக வேண்டும். ஹோமா புரோவா என்ற கேள்வி உங்களுக்கு இப்போதுதான் ஆரம்பிக்கிறது.

காவிரிக்கரை:
எக்ஸ்க்ளூஷன்ஸில் இரண்டு ஃபோல்டர் இருந்தன. நான் சேர்த்தது இல்லை. பாஸ்வேர்டுகளை எல்லாம் மனைவியின் போனிலிருந்து மாற்றிவிட்டோம்.

ஒரு சந்தேகம். இப்போது இருப்பது புரோ என்பதால், புரோ சாவி வாங்கிப் போட்டால் எதையும் அழிக்காமல் அப்படியே 11க்குப் போகலாம், ஹோம் வாங்கினால் எல்லாம் அழித்து முதலிலிருந்து போட வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். இது உண்மையா? உண்மை என்றால் அதற்காகவே புரோ வாங்கிவிடலாமா?

பழுதுமேசை:
உண்மைதான். ஹோமிலிருந்து புரோவுக்கு ஏறலாம், ஃபைல், புரோகிராம் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். புரோவிலிருந்து ஹோமுக்கு இறங்க வழி கிடையாது. சுத்தமாக அழித்துப் போட வேண்டும்.

ஆனால் சார், உங்கள் விஷயத்தில் அழித்துப் போடுவதுதான் நல்லது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு விண்டோஸின் மேல் காசு கொடுத்து வாங்கிய சாவியைப் போடுவதில் என்ன பயன்? சாவி உண்மையாகிவிடும், உள்ளே ஒளிந்திருப்பது அப்படியே இருக்கும். புரோவுக்கு அதிகம் கொடுக்கும் பணத்தை, ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுக்குப் போடுங்கள். அதில் ஹோமைப் புதிதாகப் போடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கை இரண்டாவது டிரைவாக வைத்து ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதிலிருந்து செட்டப் ஃபைல் எதையும் ஓட்ட வேண்டாம்.

வடமராட்சி:
அண்ணாமார், இடையில வந்து கேட்கிறதுக்கு மன்னிக்கவும். நான் பருத்தித்துறையில இருக்கிறன். இந்தியாவில இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த மடிக்கணனி ஒன்று பாவிக்கிறன். அதில விண்டோஸ் 11 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' என்று கிடக்கு. அம்மாவுக்காக மெனு எல்லாம் தமிழில வைக்கப் பார்த்தன், உங்கட உரிமத்தில ஒரு மொழிதான் என்று சொல்லுது. இது ஹோமில இருந்து வேறயா? தமிழ் தட்டச்சும் செய்ய ஏலாதா?

ஐந்திணை:
வடமராட்சி, தட்டச்சுக்கு எந்தத் தடையும் இல்லை, பயப்பட வேண்டாம். சிங்கிள் லாங்குவேஜில் பூட்டியிருப்பது திரையில் தெரியும் மொழி மட்டும்தான். மெனு, செட்டிங்ஸ், எச்சரிக்கைப் பெட்டி எல்லாம் வந்த மொழியிலேயே இருக்கும். விசைப்பலகை எத்தனை மொழிக்கு வேண்டுமானாலும் சேர்க்கலாம். விண்டோஸ் 11இல் தமிழ் 99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே வருகின்றன. மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து, அதன் விருப்பங்களுக்குள் போய் விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களும் எல்லா எடிஷனிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும்.

மெனுவும் தமிழில் வேண்டும் என்றால் சாதாரண ஹோம் அல்லது புரோ இருக்க வேண்டும். இந்தியாவில் விற்கும் லேப்டாப்புகளில் இந்த சிங்கிள் லாங்குவேஜ் நிறைய வருகிறது. பெட்டியின் மேல் 'ஹோம்' என்று மட்டும் பெரிதாக இருக்கும். தமிழ் மெனு வேண்டுபவர்கள் வாங்குவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வீட்டிலும் பாட்டி தமிழ் மெனுவில்தான் போட்டோ பார்க்கிறார். 'நீக்கு' என்று தமிழில் இருந்தால் கை வைக்க மாட்டார். ஆங்கிலத்தில் இருந்தபோது இரண்டு முறை அழித்துவிட்டார்.

வடமராட்சி:
மெத்தப் பெரிய நன்றி. அஞ்சல் போட்டாச்சு, அம்மா எழுதிப் பார்க்கிறா.

சிறுமலை:
மகன் சென்னையிலிருந்து திறப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். புரோவில் ரிமோட் டெஸ்க்டாப் உண்டு என்பது சரி. ஆனால் அது ஒரே வீட்டுக்குள், ஒரே வைஃபைக்குள் சுலபம். வெளியூரிலிருந்து உள்ளே வர, உங்கள் ரூட்டருக்குத் தனியாக ஒரு பொது ஐபி முகவரி வேண்டும். நம் ஊர் பிராட்பேண்டில் பல இடங்களில் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்துதான் கொடுக்கிறார்கள். ரூட்டர் பக்கத்தில் வான் ஐபி என்று இருப்பதைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் ஆரம்பித்தால் உங்கள் வீடு அந்தப் பங்கில்தான் இருக்கிறது. அப்புறம் புரோ வாங்கினாலும் மகன் நேரடியாக உள்ளே வர முடியாது.

பொது ஐபி கிடைத்தாலும் ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 என்ற போர்ட்டை (இணைப்பு வாசலை) வெளியே திறந்து வைக்காதீர்கள். கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் புரோகிராம்கள் இராப்பகலாக ஓடுகின்றன.

குரோம் ரிமோட் டெஸ்க்டாப் ஹோமிலேயே இலவசமாக ஓடும், ரூட்டரில் எதையும் திறக்க வேண்டாம். மகனுக்கு ஃபைல்தான் வேண்டும் என்றால் அந்த ஃபோல்டரை கூகுள் டிரைவில் வைத்தாலே போதும், வீட்டில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கவும் வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகப் புரோ வாங்க நினைத்தால் வேண்டாம்.

காவிரிக்கரை:
பார்த்தேன், 100.72 என்று ஆரம்பிக்கிறது. நல்ல வேளை, முன்பே சொன்னீர்கள். மகனிடம் பேசினேன். டிரைவே போதும் என்கிறான். அப்படியானால் ஹோம்தான். இணையத்தில் 600 ரூபாய்க்கு சாவி கிடைக்கிறது, நண்பர் ஒருவர் வாங்கினார். அது சரிப்படுமா?

தணிக்கைமேசை:
வேண்டாம் சார். அந்த விலைக்கு வருவதில் பல, ஏதோ ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த சாவியைத் துண்டு போட்டு விற்பது. அன்றைக்கு ஆக்டிவேட் ஆகும். எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு ஏழு மாதத்தில் செத்துப்போனது, விற்றவரின் பக்கமே காணவில்லை. இப்போதுதான் ஒரு போலியிலிருந்து வெளியே வருகிறீர்கள், திரும்ப அதே இடத்துக்குப் போக வேண்டாம். பில்லோடு ரீடெயில் சாவி வாங்குங்கள். நாளைக்கு மதர்போர்டு போனாலும் வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஓஇஎம் சாவி அந்த மதர்போர்டோடு போய்விடும்.

நொய்யல்:
நான் எழுதப்போவது எடிஷன் பற்றியே அல்ல என்று தோன்றலாம். ஆனால் ஹோம் போடும் எல்லோரும் படிக்க வேண்டும்.

போன வருடம் என் லேப்டாப்பில் ஒரு கடையில் 11 ஹோமைச் சுத்தமாகப் போட்டு வாங்கினேன். ஹோமில் பிட்லாக்கர் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். பிட்லாக்கர் என்ற பெயரில் கட்டுப்பாட்டுப் பக்கம் இல்லையே தவிர, 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று அதே பூட்டு ஹோமிலும் உண்டு. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்தால் அது தானாகவே ஓடத் தொடங்கிவிடும். சத்தமே இல்லாமல் முழு டிஸ்க்கும் பூட்டப்படும். தினமும் பயன்படுத்தும்போது ஒன்றும் தெரியாது.

ஆறு மாதம் கழித்து மதர்போர்டு பழுதாகி மாற்றினார்கள். திறந்தால் நீலத் திரை. 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கிறது, ஆறு ஆறாக எட்டுக் கட்டம். அந்தக் கீ மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும் என்கிறார்கள். எந்தக் கணக்கு? விண்டோஸ் போட்ட பையன் வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று தானே ஒரு மின்னஞ்சலைத் தட்டி உள்ளே போயிருக்கிறான். அவன் அந்தக் கடையில் இப்போது இல்லை. என்ன மின்னஞ்சல் என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. என் மகளின் முதல் மூன்று வருடப் படங்கள் அந்த டிஸ்க்கில் இருக்கின்றன. டிஸ்க் நல்ல நிலையில் என் மேசை அறையில்தான் கிடக்கிறது. திறக்க முடியவில்லை.

அதனால் காவிரிக்கரை சார், உங்கள் சொந்த மின்னஞ்சலில், நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து போடுங்கள். போட்ட அன்றைக்கே செட்டிங்ஸில் 'பிரைவசி அண்டு செக்யூரிட்டி' உள்ளே டிவைஸ் என்கிரிப்ஷன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் கணக்கில் போய் அந்த 48 இலக்கத்தை எடுத்து, தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். வேண்டாம் என்றால் அந்த இடத்திலேயே அணைத்துவிடலாம்.

காவிரிக்கரை:
படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை நொய்யல் சார். அந்த டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மின்னஞ்சல் என்றைக்காவது தெரியவந்தால் திறக்கலாம் அல்லவா?

பழுதுமேசை:
ஆமாம், டிஸ்க்கை அழிக்காமல் அப்படியே வையுங்கள். அந்தப் பையனின் போன் எண்ணைத் தேடிப் பிடியுங்கள். இந்த வேலை செய்பவர்கள் பெரும்பாலும் எல்லா மிஷினுக்கும் ஒரே மின்னஞ்சலைத்தான் போடுவார்கள். அந்தக் கணக்கைத் திறந்தால் ரெக்கவரி கீ பட்டியல் வரிசையாக இருக்கும். நீலத் திரையில் கீ ஐடி என்று ஒன்று காட்டும். அதோடு பொருந்துவது உங்களுடையது.

கொல்லிப்பாவை:
என்னிடம் ஐ3 நான்காம் தலைமுறை லேப்டாப். 11 ஏற்காது என்று தெரியும். எல்டிஎஸ்சி என்று ஒரு எடிஷன் இருக்கிறதாமே, 2032 வரை அப்டேட் வருமாமே? அதைப் போடலாமா?

ஐந்திணை:
விண்டோஸ் 10 ஐஓடி எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021க்கு 2032 ஜனவரி வரை உண்டு என்பது சரி. ஆனால் அது ஏடிஎம், மருத்துவக் கருவி மாதிரி இயந்திரங்களோடு விற்பது. வீட்டுக்குத் தனியாக ஒரு சாவி முறையாக வாங்க முடியாது. போட்டால் காவிரிக்கரை சார் இருந்த இடத்துக்குத்தான் போய்ச் சேர்வீர்கள்.

உங்கள் 10 உண்மையானது என்றால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டிக்கும் திட்டம் இருக்கிறது. அப்டேட் பக்கத்திலேயே சேரலாம், செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு சிங்க் செய்தால் காசு கிடையாது. அதற்குள் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் மின்ட் பழகிக்கொள்ளுங்கள். 22ஆம் வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் பார்த்த தலைமுறை நாம், முழுக்கப் புதிதல்ல. தமிழ் 99 அதிலும் உண்டு. உங்கள் பிரிண்டருக்கு டிரைவர் இருக்கிறதா என்று மட்டும் முதலிலேயே பென்டிரைவில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பலர் திரும்பி வருவது பிரிண்டரால்தான்.

பழுதுமேசை:
காவிரிக்கரை சார், போடுவதற்கு முன் சில விஷயம். உங்கள் போர்டில் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறது, ஆனால் அணைந்திருக்கும். விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் பயாஸ் பக்கத்தில் 'இன்டெல் பிடிடி' என்பதை எனேபிள் செய்யுங்கள், பழைய முறையில் பூட் செய்யும் சிஎஸ்எம் என்பதை அணையுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி மட்டும் இருக்கும்போது விண்டோஸைப் போடுங்கள். இரண்டும் இருந்தால் பூட் ஃபைல் சில நேரம் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அதைக் கழற்றினால் எஸ்எஸ்டி எழும்பாது.

லேப்டாப்பில் சாவி மதர்போர்டிலேயே எழுதியிருக்கும், அதனால் எந்த எடிஷன் என்று கேட்காமலே போய்விடும். அசெம்பிள் போர்டில் அது இல்லை, ஒரு பட்டியல் வரும். ஹோம், ஹோம் என், ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், எஜுகேஷன், புரோ என்று. 'என்' என்பது ஐரோப்பாவுக்காக மீடியா பிளேயர் இல்லாமல் செய்தது, தொட வேண்டாம். வெறும் 'ஹோம்' என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் பக்கத்து வரியைத் தட்டிவிட்டால் உங்கள் சாவியை ஏற்காது.

காவிரிக்கரை:
ஞாயிற்றுக்கிழமை போட்டு முடித்தோம். பில்லோடு ஹோம் ரீடெயில், 500 ஜிபி எஸ்எஸ்டி. ஹார்டு டிஸ்க் கேபிளைக் கழற்றியது மனைவி. பட்டியல் வந்ததும் இரண்டு பேரும் விரல் வைத்துப் படித்து 'ஹோம்' என்பதை அழுத்தினோம். முன்பு திறக்க மூன்று நிமிடம் ஆகும், இப்போது இருபது விநாடிக்குள் வந்துவிடுகிறது. டேலி ஓடுகிறது. அப்பாவுக்கு மெனு தமிழில். 'கோப்பு' என்பதைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் நம்ம வீட்டு மிஷின் மாதிரி இருக்கு" என்றார்.

டிவைஸ் என்கிரிப்ஷன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நொய்யல் சார் சொல்லாவிட்டால் பார்த்திருக்கவே மாட்டேன். 48 இலக்கத்தையும் மனைவி சொல்ல நான் எழுதினேன், பிறகு நான் சொல்ல அவர் சரிபார்த்தார். வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவில் இருக்கிறது.

நொய்யல்:
நல்ல செய்தி. அந்தப் பையன் திருப்பூரில் ஒரு கடையில் இருப்பதாகத் தெரிந்தது. நாளை மறுநாள் போகிறேன். கீ ஐடியைத் திரையிலிருந்து படம் எடுத்து வைத்திருக்கிறேன்.